நுண்ணூசி பேட்ச் வந்துவிட்டால் இன்சுலின் ஊசி தேவைப்படாதா?

கேள்வி இது: "அப்பாவுக்கு 68 வயது. தினமும் காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். வயிற்றில் குத்திக் குத்தி அவருக்கு அலுத்துவிட்டது. தோலில் ஒட்டினாலே மருந்து உள்ளே போய்விடும், வலிக்காது என்று மைக்ரோநீடில் பேட்ச் பற்றிப் படித்தேன். இன்சுலினுக்கு அது எப்போது கிடைக்கும்? முகச் சுருக்கத்துக்கு இணையத்தில் விற்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானா?"

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவின் இன்சுலினுக்கு மாற்றாக நம்பி ஒட்டக்கூடிய நுண்ணூசி (மைக்ரோநீடில்) பேட்ச் இன்று இல்லை. அப்படி ஒன்றை யாராவது இணையத்தில் விற்றால் வாங்க வேண்டாம். அதை நம்பி அவர் ஊசியை நிறுத்தினால் சர்க்கரை எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் இந்தத் தொழில்நுட்பம் வெறும் விளம்பரம் என்றும் நினைக்க வேண்டாம். மருந்தை உடலுக்குள் சேர்ப்பது எப்படி என்பதுதான் என் துறை. இந்தத் துறையில் நான் மிகவும் நம்பிக்கை வைத்திருக்கும் சில விஷயங்களில் இந்த பேட்ச்சும் ஒன்று. அது முதலில் உதவப்போவது யாருக்கு என்பதில்தான் செய்திகள் தடம் மாறிப்போகின்றன.

எதற்கு இத்தனை பாடு என்று புரிய, தோலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் தோலின் மிக மேலே இறந்த செல்களால் ஆன ஓர் அடுக்கு இருக்கிறது. பெயர் ஸ்ட்ராட்டம் கார்னியம். உடலின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. தட்டையான செல்கள், அவற்றுக்கு நடுவே கொழுப்பு என்று நெருக்கமாக அடுக்கியிருக்கும் இந்த மெல்லிய படலம்தான் வெளியே இருப்பதை வெளியிலேயே நிறுத்துகிறது. அதற்குக் கீழே உயிருள்ள மேல்தோல், 50 முதல் 100 மைக்ரான். அதற்கும் கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் அடித்தோல். ரத்த நாளங்களும் பெரும்பாலான நரம்பு முனைகளும் அங்கேதான் இருக்கின்றன. ஆக, மருந்துக்கும் உடலுக்கும் நடுவே நிற்கும் உண்மையான தடை அந்த 20 மைக்ரான் மட்டுமே. அதைத் தாண்டுவதற்காக, பல தடுப்பூசிகளுக்குச் சென்டிமீட்டர் கணக்கில் நீளமுள்ள ஊசியைத் தசை வரை இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

ஊசியே இல்லாத சாதாரண மருந்து பேட்ச்கள் பல வருடங்களாகவே உண்டு. பயண வாந்திக்கான ஸ்கோபாலமின் பேட்ச்சுக்கு அமெரிக்காவில் 1979இல் அனுமதி கிடைத்தது. புகைப்பழக்கத்தை விட உதவும் நிகோடின் பேட்ச், கடும் வலிக்கான ஃபென்டனில் பேட்ச் எல்லாம் பிறகு வந்தன. இவை எதற்கும் துளை தேவையில்லை, மருந்து தானாகவே தோலில் ஊறி இறங்கும். ஆனால் அப்படி இறங்கக்கூடிய மருந்துகள் வெகு சில. மூலக்கூறு சிறியதாக, சுமார் 500 டால்டனுக்குள் (டால்டன் என்பது மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) இருக்க வேண்டும். கொழுப்பிலும் ஓரளவு கரைய வேண்டும், கொஞ்சம் போனாலே வேலை செய்ய வேண்டும். நிகோடின் 162 டால்டன், சுலபமாகப் போய்விடுகிறது. இன்சுலின் ஏறக்குறைய 5,800. போதாக்குறைக்கு அது கொழுப்போடு சேராத புரதம். சாதாரண பேட்ச்சில் வைத்து நாள் முழுக்க ஒட்டியிருந்தாலும் பயனுள்ள அளவு உள்ளே போகாது.

நுண்ணூசி நுழைவது இந்த இடத்தில்தான். விரல்நுனி அளவுள்ள ஒரு துண்டில் நூறு அல்லது அதற்கும் மேற்பட்ட மிகச் சிறிய கூம்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை விடக் குட்டை. கட்டைவிரலால் அழுத்தினால் அவை இறந்த அடுக்கைத் துளைத்து உயிருள்ள தோலுக்குள் நிற்கும். சில நரம்பு முனைகள் மேல்தோல் வரை வருவதால் வலி அறவே இருக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் ஊசி குட்டையாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் அவற்றில் படும் வாய்ப்பு குறைவு. இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், நுண்ணூசி தந்த வலி சாதாரண ஊசி தந்த வலியில் 5 முதல் 40 சதவீதம் வரைதான் இருந்தது. ஊசிகளின் எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கினால் வலி சுமார் இரண்டு மடங்குதான் ஆனது. நீளத்தை மூன்று மடங்காக்கினால் வலி ஏழு மடங்கு! நிறைய ஊசி, ஆனால் குட்டை ஊசி என்ற வடிவமைப்பின் காரணம் இதிலேயே தெரிந்துவிடும்.

யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் ஆல்சா நிறுவனத்தைச் சேர்ந்த கெர்ஸ்டல், பிளேஸ் இருவரும் 1976லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். ஆனால் அவ்வளவு சிறிய கூர்முனைகளை ஒரே மாதிரி, ஏராளமாகச் செய்யும் வழி அன்று இல்லை. கணினிச் சில்லு செய்யும் துறை வளர்ந்த பிறகுதான் அது கைகூடியது. 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் மார்க் பிராஸ்னிட்ஸ் குழுவினர் சிலிக்கானில் 150 மைக்ரான் உயர ஊசிகளைச் செதுக்கி, மனிதத் தோல் துண்டில் குத்திப் பார்த்தார்கள். அவர்கள் சோதித்த மூலக்கூறு தோலைக் கடக்கும் வேகம் ஆயிரக்கணக்கான மடங்கு கூடியது. இன்று நடக்கும் ஆராய்ச்சியின் பெரும்பகுதி அந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளைத்ததுதான்.

இப்போது பல வகைகள் இருக்கின்றன. வெறும் திண்ம ஊசியால் துளை போட்டுவிட்டு, மேலே மருந்தைத் தடவுவது ஒன்று. உலோக அல்லது பிளாஸ்டிக் ஊசிமேல் மருந்தைப் பூசிக் குத்துவது இன்னொன்று. உள்ளே துளையுள்ள ஊசி வழியாகத் திரவத்தைச் செலுத்துவதும் உண்டு. பெல்ஃபாஸ்டில் ராயன் டானலி குழு வளர்த்தெடுத்தது வேறு மாதிரி: அந்த ஊசியில் மருந்தே இருக்காது. தோலுக்குள் போனதும் அது நீரை உறிஞ்சி ஜெல்லாக வீங்கும், பின்னால் இருக்கும் மருந்துத் தட்டிலிருந்து மருந்து அந்த ஜெல் வழியே மெதுவாக இறங்கும். இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கரையும் ஊசிதான். சர்க்கரையும் உடலுக்கு ஒத்துப்போகும் பாலிமரும் கலந்த கரைசலில் மருந்தைச் சேர்த்து, அச்சில் ஊற்றி உலர வைத்தால் ஊசியே மருந்தாகிவிடும். தோலில் இருக்கும் ஈரத்தில் சில நிமிடங்களிலேயே கரைந்துவிடும். பேட்ச்சை உரித்து எடுக்கும்போது கையில் மிஞ்சுவது முதுகுப்பட்டை மட்டுமே. தவறிப்போய் யாரையாவது குத்திவிடும் என்ற பயம் இல்லை, ஊசிக் கழிவும் இல்லை.

சரி, இவ்வளவு நன்றாக இருக்கிறதே, இன்சுலினை அதில் வைக்க என்ன தடை?

எந்த மருந்தைப் பற்றிக் கேட்டாலும் நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம் உள்ளே போக வேண்டும்? போகும் அளவு கொஞ்சம் கூடிக் குறைந்தால் என்ன ஆகும்?

முதல் விஷயத்துக்கு நீங்களே கணக்குப் போடலாம். உயரம் 0.6 மில்லிமீட்டர், அடிப்பகுதி விட்டம் 0.3 மில்லிமீட்டர் உள்ள கூம்புகள் நூறு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றின் கன அளவையும் கூட்டினால் ஒன்றரை கன மில்லிமீட்டர்கூட வராது. எடையில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராம். அதிலும் ஒரு பகுதி பாலிமருக்குப் போய்விடும், இல்லாவிட்டால் ஊசி வலுவாக நிற்காது. ஆக 500 மில்லிகிராம் பாராசிட்டமால், ஆன்டிபயாடிக் மாத்திரை இவையெல்லாம் இந்தக் கரையும் ஊசிக்குள் அடங்கவே அடங்காது. ஆனால் ஃப்ளூ தடுப்பூசியில் ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் 15 மைக்ரோகிராம் போதும். எல்லாம் சேர்த்தாலும் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கைத் தொடாது. தாராளமாக அடங்கும். இன்சுலின் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஒரு யூனிட் இன்சுலின் சுமார் 0.035 மில்லிகிராம், அதனால் 20 யூனிட் என்றால் 0.7 மில்லிகிராம். நெருக்கடிதான், ஆனாலும் கொஞ்சம் பெரிய பேட்ச்சில் திணித்துவிடலாம். முதல் கேள்வியில் இன்சுலின் ஒருவழியாகத் தேறிவிடுகிறது.

இரண்டாவதில்தான் மாட்டிக்கொள்கிறது. தடுப்பூசியில் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் போதும், நோயெதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்ளும். அதற்குமேல் இருபது சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. இன்சுலின் அப்படியல்ல. இருபது யூனிட் போக வேண்டிய இடத்தில் பதினாறு போனால் சர்க்கரை ஏறி நிற்கும். இருபத்து நான்கு போனால் கைகால் நடுங்கி மயக்கம் வரலாம், வயதானவர்களுக்கு அது பேராபத்து. அதுவும் தினமும் இரண்டு வேளை, வருடக்கணக்காக, ஒவ்வொரு தடவையும் சரியாகப் போக வேண்டும்.

அந்தத் துல்லியம் நுண்ணூசிக்கு இன்னும் வசப்படவில்லை. காரணம் தோலின் இயல்பு. தோல் ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும். நெருக்கமாக இருக்கும் நூறு முனைகளை ஒருசேர அழுத்தினால் விசை எல்லாவற்றுக்கும் பங்கு போய்விடும். ஆணிப்படுக்கையில் ஒருவர் காயமில்லாமல் படுத்திருப்பதும் இதனால்தான். சில ஊசிகள் முழுதாக இறங்கும், சில பாதி, ஓரத்தில் இருப்பவை வேறு விதமாக இறங்கும். இளம் தோல், தளர்ந்த தோல், முடி உள்ள இடம், வியர்த்த இடம் எல்லாமே கணக்கை மாற்றும். அழுத்தியவரின் கட்டைவிரல் பலமும் மாற்றும். இதற்காகத்தான் ஸ்பிரிங் வைத்த கருவிகளையும், போதுமான விசை கிடைத்ததும் 'டிக்' என்று ஒலிக்கும் பட்டைகளையும் செய்கிறார்கள். பெருமளவு உதவுகின்றன. ஆனால் இன்சுலின் பேனாவின் துல்லியத்துக்கு அது போதாது.

இது என் ஊகமல்ல. கடைசிக் கட்டம் வரை வந்த இரண்டு மருந்துகளுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். எலும்பு அரிப்பு நோய்க்கான அபலோபாரடைட் என்ற மருந்தை வழக்கமாகத் தோலுக்கடியில் தினமும் 80 மைக்ரோகிராம் ஊசியாகப் போடுவார்கள். தொடையில் ஐந்து நிமிடம் வைத்து எடுக்கும் 300 மைக்ரோகிராம் நுண்ணூசி பேட்ச்சாக அதைச் செய்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்கள் ஐநூற்றுச் சொச்சம் பேரிடம் ஒரு வருடம் சோதித்ததில், முதுகெலும்பின் எலும்படர்த்தி ஊசி போட்டவர்களுக்கு 10.86 சதவீதம் கூடியது, பேட்ச் வைத்தவர்களுக்கு 7.14 சதவீதம். மருந்து வேலை செய்யாமல் இல்லை, எலும்பு பலப்பட்டிருக்கிறது. ஆனால் ஊசிக்குக் குறைவில்லாதது என்று நிரூபிப்பதுதான் சோதனையின் நோக்கம். அது 2021இல் தோற்றது. கிட்டத்தட்ட நான்கு மடங்கு மருந்தை வைத்தும் முடிவு இது என்பதை யோசித்துப் பாருங்கள். பேட்ச்சில் இருப்பது ஒன்று, ரத்தத்துக்குப் போய்ச் சேருவது இன்னொன்று.

மற்றது ஒற்றைத்தலைவலிக்கான ஜோல்மிட்ரிப்டான். டைட்டானியம் நுண்ணூசிகள்மேல் அந்த மருந்தைப் பூசி சொசானோ என்ற நிறுவனம் செய்தது. மூன்றாம் கட்டச் சோதனையில் வெற்று பேட்ச்சைவிட அது நன்றாகவே தலைவலியைப் போக்கியது. ஆனாலும் 2020 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தரவில்லை. முக்கியமான காரணம், வெவ்வேறு ஆய்வுகளில் ரத்தத்தில் சேர்ந்த மருந்தின் அளவு ஒத்துப்போகவில்லை என்பதே. சிலருக்கு எதிர்பாராத அளவுக்கு அதிகமாக ஏறியிருந்தது. நிறுவனம் 2022இல் திவாலானது. தலைவலி மருந்துக்கே இவ்வளவு கறார் என்றால் இன்சுலினுக்கு எவ்வளவு இருக்கும்? அந்தக் கறார் சரியானது என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் படித்த செய்தி ஒருவேளை 'ஸ்மார்ட் இன்சுலின் பேட்ச்' பற்றியதாக இருக்கலாம். ஜென் கூ என்ற விஞ்ஞானியின் குழு செய்தது அது. சர்க்கரை ஏறினால் மட்டும் இன்சுலினை விடுவிக்கும் பொருளால் ஊசியைச் செய்வது அவர்கள் யோசனை. 2015இல் எலிகளிடமும், 2020இல் சர்க்கரை நோயுள்ள சிறு பன்றிகளிடமும் அது வேலை செய்ததைக் காட்டினார்கள். நாணயம் அளவுள்ள பேட்ச் பன்றியின் சர்க்கரையை ஒரு நாளின் பெரும்பகுதிக்குக் கட்டுக்குள் வைத்திருந்தது. அழகான வேலை, படித்தபோது எனக்கே உற்சாகமாக இருந்தது. அளவின் துல்லியம் என்ற சிக்கலை நேராக மோதாமல், தேவைப்படும்போது தேவையானது வரட்டும் என்று சுற்றிப்போகும் வழி அது. ஆனால் அந்தப் பன்றிகள் 25 கிலோ எடை கொண்டவை. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான இன்சுலின் பல மடங்கு. சர்க்கரை குறைந்த பிறகு சுரப்பு உடனே நிற்க வேண்டும். நாள் முழுக்கத் தோலில் இருக்கும் பொருள் உறுத்தக் கூடாது. ஒரே நேரத்தில் எல்லாம் கொட்டிவிடாது என்பதற்கு உத்தரவாதம் வேண்டும். இவற்றையெல்லாம் மனிதர்களிடம் ஒவ்வொன்றாகக் காட்டியாக வேண்டும். விலங்கிலிருந்து மனிதருக்கு வரும் அந்தப் பாதை நீளம்.

தடுப்பூசி பக்கம் திரும்பினால் நிலைமையே வேறு. இடையில் ஒரு சின்னச் செய்தி: பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் 1868இல் மேல்தோலில் கிளைகள் விரித்த செல்களைக் கண்டு, அவற்றை நரம்பு செல்கள் என்று நினைத்தார். அடுத்த வருடமே கணையத்தில் தீவுத்தீவாக இருக்கும் செல்கூட்டங்களை விவரித்தார். இன்சுலின் சுரப்பது அந்தத் தீவுகளில்தான். இன்சுலின் ஊசியைப் பற்றிய உங்கள் கேள்வியின் ஒரு முனையிலும், தடுப்பூசி பேட்ச்சின் அடிப்படையிலும் ஒரே இளைஞரின் பெயர் இருக்கிறது. தோலில் அவர் கண்டவை உண்மையில் காவல் செல்கள். உள்ளே நுழையும் அந்நியப் பொருளைப் பிடித்து, நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய் எதிர்ப்பாற்றலைக் கிளப்பிவிடுபவை. தசையில் இப்படிப்பட்ட செல்கள் குறைவு, தோலிலோ ஏராளம். அதனால்தான் தோலுக்குள் போடும்போது சில தடுப்பூசிகளுக்குக் குறைந்த அளவே போதுமாகிறது. போலியோ ஊசியைத் தசையில் போட 0.5 மில்லிலிட்டர் வேண்டும், தோலுக்குள் போட 0.1 மில்லிலிட்டர். பெரியம்மையை ஒழித்ததும் தோல் வழிதான்: இரண்டாகப் பிளந்த முனையுள்ள சிறு ஊசியைத் தடுப்பு மருந்தில் தோய்த்து, ஒரே இடத்தில் பதினைந்து முறை மெல்லக் குத்தினார்கள். நுண்ணூசி பேட்ச் அந்த வழியில் வந்ததுதான்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், தட்டம்மை. 2023இல் மட்டும் உலகில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தட்டம்மையால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். பலன் நன்றாகத் தெரிந்த, விலை குறைந்த தடுப்பூசி அறுபது வருடங்களாக இருந்தும் இந்த நிலை. தடுப்பு மருந்து தூளாக வருகிறது. குளிரிலேயே வைத்துக் கொண்டுபோக வேண்டும். தூளைத் தனியாக வரும் திரவத்தில் கலக்க வேண்டும். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து இருந்தால், திறந்து ஆறு மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு குழந்தைகள்தான் வந்திருக்கிறார்கள் என்றால் குப்பியைத் திறக்கவே பணியாளர் தயங்குவார், அந்த இரண்டு குழந்தைகளும் போடாமலே வீடு திரும்புவார்கள். கலக்குவதில் தவறு நேர்ந்தால் இன்னும் கொடுமை. 2014இல் சிரியாவின் இட்லிப் பகுதியில் கலக்கும் திரவத்துக்குப் பதிலாக, அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தத் தரும் மருந்து சேர்ந்துவிட்டது. 15 குழந்தைகள் இறந்தார்கள். தடுப்பூசியில் குறையே இல்லை, குப்பி மாறியதுதான் காரணம்.

ஒரு குழந்தைக்கு ஒரு பேட்ச் என்று வந்துவிட்டால் கலக்கும் வேலை கிடையாது, கொட்டுவதற்கு மிச்சம் கிடையாது, ஊசி போடப் பயிற்சி பெற்றவருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 2020இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், தடுப்பூசிக்கான கவி (Gavi) கூட்டமைப்பு முதலியவை சேர்ந்து தடுப்பூசித் துறையின் புதுமைகளை வரிசைப்படுத்தியபோது இந்த பேட்ச்களுக்கு முதலிடம் தந்தது இதனால்தான். அது வெறும் விருப்பமாக நின்றுவிடவில்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் தட்டம்மை–ரூபெல்லா பேட்ச்சை 45 பெரியவர்கள், 120 நடைபழகும் குழந்தைகள், 9–10 மாதமே ஆன 120 கைக்குழந்தைகள் என்று படிப்படியாகச் சோதித்தார்கள். முடிவு 2024இல் லான்செட் இதழில் வந்தது. கைக்குழந்தைகளில் தட்டம்மைக்குப் புதிதாக எதிர்ப்பு உருவானது பேட்ச்சில் 93 சதவீதம் பேருக்கு, ஊசியில் 90 சதவீதம் பேருக்கு. ரூபெல்லாவுக்கு இரண்டிலும் நூறு சதவீதம். மணிக்கட்டில் சில நிமிடம் வைத்து எடுத்த பேட்ச் அது. வைத்த இடம் சிலருக்குச் சற்றே தடித்தது, நிறம் மாறியது. கவலைப்படும்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்த எண்களை முதன்முதலில் பார்த்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. சிறிய சோதனைதான், பெரிய சோதனை இனிமேல் நடக்க வேண்டும். ஆனால் திசை சரி.

இதற்கு முன்பே, 2017இல், ஃப்ளூ தடுப்பூசி பேட்ச்சை நூறு பேரிடம் சோதித்திருந்தார்கள். பங்கேற்றவர்கள் தாங்களே ஒட்டிக்கொண்டபோதும் சுகாதாரப் பணியாளர் ஒட்டியபோதும் எதிர்ப்பாற்றல் ஒரே மாதிரி வந்தது. பேட்ச் வைத்தவர்களில் எழுபது சதவீதத்துக்கும் மேலானவர்கள், அடுத்த முறையும் பேட்ச்சே வேண்டும் என்றார்கள். 40 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் வைத்திருந்த பேட்ச்களும் கெடவில்லை. உலர்ந்த சர்க்கரைக்குள் புரதம் அசையாமல் உறைந்து நிற்பதால் கிடைக்கும் பலன் இது.

அப்புறம் ஏன் தாமதம் என்று கேட்பீர்கள். செய்வது கடினம் என்பதைவிட, லட்சக்கணக்கில் ஒரே மாதிரி செய்வது கடினம். சிலிகோன் அச்சின் கூர்நுனி வரை கரைசல் இறங்க வேண்டும். அதற்கு வெற்றிடம் கொண்டு இழுப்பார்கள், அல்லது வேகமாகச் சுழற்றுவார்கள். காற்றுக்குமிழி ஒன்று மாட்டினால் ஊசியின் முனை மழுங்கிவிடும். மருந்து நுனியில் தங்க வேண்டும், முதுகுப்பட்டைக்குக் கசிந்தால் வீண். உலர்ந்த பிறகு ஈரக்காற்று பட்டாலே ஊசி இளகிவிடும் என்பதால் ஈரம் புகாத உறையில் அடைக்க வேண்டும். கிருமி நீக்கம் இன்னொரு தலைவலி. கதிர்வீச்சில் வைத்தால் தடுப்பூசி செத்துப்போகும், அதனால் தொடக்கத்திலிருந்தே கிருமியில்லாத சூழலில் தயாரிக்க வேண்டும். இத்தனைக்கும் ஏற்ற பெரிய தொழிற்சாலை கட்ட நிறையப் பணம் வேண்டும். மலிவான தட்டம்மைத் தடுப்பூசிக்கு அந்த முதலீட்டைப் போட லாபம் பார்க்கும் நிறுவனங்கள் தயங்குகின்றன. பொதுப் பணமும் அறக்கட்டளைப் பணமும் வராமல் இது நகராது.

இனி, முகத்துக்கு விற்கும் பேட்ச். வடிவத்தில் இதன் உறவுதான், கரையும் ஊசியேதான். பெரும்பாலும் ஹையலூரானிக் அமிலத்தால் ஆனது. கண்ணடியில் ஒட்டினால் தோலுக்கு ஈரம் சேர்ந்து, மெல்லிய கோடுகள் சில நாள் குறைந்தாற்போல் தெரியும். ஆனால் அது அழகுப்பொருளாக விற்கப்படுகிறது. மருந்து பேட்ச் கடக்க வேண்டிய அளவுச் சோதனையையும் ரத்தப் பரிசோதனையையும் அது கடப்பதில்லை. நம்பகமான தயாரிப்பை, காயமோ சீழ்ப்பருவோ இல்லாத தோலில் ஒட்டினால் பெரிய கெடுதல் இல்லை. மாநிறமும் கருநிறமும் உள்ள தோலில் சிறு புண் ஆறினாலும் கறுப்புத் தழும்பு சில மாதம் நிற்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நான் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்வது வீட்டில் உருட்டும் உலோக ஊசி ரோலரை. குறிப்பாக, கையில் கிடைத்த சீரத்தைத் தடவி அதன்மேல் ரோலரை உருட்டுவது. மேலே தடவ மட்டும் தயாரித்த பொருளை உயிருள்ள தோலுக்குள் தள்ளிவிடுகிறீர்கள். வைட்டமின் சி சீரத்தை இப்படி உள்ளே செலுத்திய பின் முகத்தில் நாள்பட்ட அழற்சித் தடிப்புகள் உண்டானதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. ஒரே ரோலரை இரண்டு பேர் பயன்படுத்துவதும் ஒரே ஊசியை இரண்டு பேர் போட்டுக்கொள்வதும் ஒன்றுதான், ரத்தத்தில் பரவும் கிருமிகள் தொற்றும்.

அப்பாவுக்கு வருவோம். பேட்ச்சுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, இன்றே அவர் வலியைக் குறைக்க வழியிருக்கிறது. அவர் எந்த ஊசி போடுகிறார் என்று பாருங்கள். சிரிஞ்சோ 8 மில்லிமீட்டர் ஊசியோ என்றால், பேனாவில் மாட்டும் 4 மில்லிமீட்டர் ஊசிக்கு மாறலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பெரியவர்களின் தோல் உடல்பருமன் எப்படி இருந்தாலும் சுமார் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான் இருக்கும், அதனால் ஏறக்குறைய எல்லோருக்கும் 4 மில்லிமீட்டர் போதும். ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் முனை மழுங்கி வலி கூடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குளிர்ந்த இன்சுலினைப் போட்டாலும் வலிக்கும். பயன்பாட்டில் இருக்கும் பேனாவை அறை வெப்பத்தில் எத்தனை நாள் வைக்கலாம் என்று அதன் உறையிலேயே போட்டிருக்கும். ஸ்பிரிட் தடவினால் அது முழுக்க உலர்ந்த பிறகு குத்த வேண்டும்.

ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதிலும் வேலை நடக்கிறது. வாரம் ஒருமுறை போடும் ஐகோடெக் என்ற இன்சுலினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் அனுமதி தந்தது. ஆனால் அது நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் அடிப்படை இன்சுலினுக்கு மட்டும் மாற்று. சாப்பாட்டு வேளைக்கான இன்சுலினும் கலந்த மருந்தை அப்பா போடுகிறார் என்றால் அப்படியே மாற்றிவிட முடியாது.

ஒன்றை நீங்களே இன்று செய்து பார்க்கலாம். அவர் வழக்கமாகக் குத்தும் இடத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். கொழுக்கட்டையாகத் தடித்தோ, ரப்பர் மாதிரி கெட்டியாகவோ இருந்தால் அது ஒரே இடத்தில் போட்டதால் வந்த கொழுப்புக் கட்டி. அங்கே வலி தெரியாது என்று பலர் அதிலேயே போட்டுக்கொண்டிருப்பார்கள், ஆனால் அங்கிருந்து இன்சுலின் ஒழுங்காக ரத்தத்தில் சேராது. நல்ல இடத்துக்கு மாற வேண்டும், ஒவ்வொரு முறையும் முந்தைய இடத்திலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போட வேண்டும். ஆனால் மாறுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நல்ல இடத்தில் அதே யூனிட் முழுதாகச் சேர்ந்து சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும், அளவைக் குறைக்க வேண்டி வரலாம். மாறிய முதல் சில நாட்கள் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.